தேராத் தீர்ப்பு

ஒரு மொழியின் சொல்லை மற்றொரு மொழியில் பெயர்க்க முற்படும்போதுதான் அச்சொல்லின் வயதும் வாழ்வும் நமக்குத் தெரியவருகின்றன. ஆங்கிலத்தில் 'பிரெஜுடிஸ்' என வழங்கும் சொல் அத்தகையது. நம் நாளிதழ்கள் அதனை ஓரிடத்தில் 'காழ்ப்பு' என்றும், ஓரிடத்தில் 'தப்பெண்ணம்' என்றும், பிறிதோரிடத்தில் 'பாரபட்சம்' என்றும் எழுதுகின்றன. காழ்ப்பு என்பது முதிர்ந்து வைரம் பாய்ந்த பகை. தப்பெண்ணம் என்பது பிழைபட்ட கருத்து. அதில் பகை இருக்க வேண்டும் என்பதில்லை. பாரபட்சம் என்பது உள்ளத்தைக் காட்டிலும் நடத்தையைச் சுட்டுவது. மூன்றும் அந்த ஆங்கிலச் சொல்லைச் சுற்றி வருகின்றனவேயன்றி அதன் நடுவைத் தொடவில்லை என்பது எம் கருத்து.

நாம் வாழும் புனே நகரம் சொல்லாராய்ச்சிக்குப் பெயர் பெற்றது. இங்குள்ள தக்காணக் கல்லூரியில் 1948-ஆம் ஆண்டு தொடங்கிய வடமொழிப் பேரகராதிப் பணி, 1976-இல் முதல் வெளியீட்டைக் கண்டது. அகரத்தில் தொடங்கும் சொற்களுக்கே தொகுதி தொகுதியாக இடம் வேண்டியிருந்தது. ஒரு சொல் எந்த நூலில், எந்தக் காலத்தில், என்ன பொருளில் வந்தது என்று தேடி அட்டையில் எழுதி அடுக்கிய பிறகே அதற்குப் பொருள் கூறுவது என்பது அப்பணியின் நெறி. முதலில் தேர்தல், பிறகே தெளிதல். அந்நெறியை ஒட்டியே நாமும் இந்த ஒரு சொல்லைப் பின்தொடர்ந்து செல்வோம். அது நம்மை இந்த நகரத்தின் வரலாற்றுக்கே திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும்.

இலத்தீன் மொழியில் 'பிரே' என்பது முன் என்னும் பொருளது. 'யூடிசியும்' என்பது தீர்ப்பு. இரண்டும் சேர்ந்த 'பிரெயூடிசியும்' என்பதே ஆங்கிலச் சொல்லின் மூலம். இதனைக் கேட்டவுடன், ஆராயுமுன் வழங்கிய தீர்ப்பு என்றே நாம் பொருள் கொள்வோம். உரோமானியரின் நீதிமன்றத்தில் அது அப்படியன்று. பெரிய வழக்கொன்றை எடுத்துக்கொள்ளுமுன் முடிவு செய்ய வேண்டிய ஒரு சிறு கேள்வி இருக்கும். இவன் விடுதலை பெற்ற அடிமையா? இவளுக்குரிய சீதனத்தின் அளவு எவ்வளவு? கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த காயஸ் என்னும் சட்ட அறிஞர் இவ்விரு கேள்விகளையுமே எடுத்துக்காட்டாகக் கூறுகிறார். இத்தகைய முன்விசாரணையில் தண்டனை இல்லை, பொருள் கொடு என்ற ஆணையும் இல்லை. உண்மை இன்னது என்று கண்டு சொல்வதோடு அது முடிந்துவிடும். அதுவே 'பிரெயூடிசியும்'. தவறான தீர்ப்பு நேராமற் காக்க எழுந்த ஏற்பாடு அது.

அவ்வளவு நல்ல குடியிற் பிறந்த சொல் எவ்வாறு கெட்டது? முன்விசாரணையில் கண்ட முடிவு பின்வரும் பெருவழக்கில் ஒருவனுக்குப் பாதகமாக முடிவதுண்டு. அதனால் பாதகம் என்ற பொருளே அச்சொல்லுக்கு மெல்ல ஏறியது. பிரெஞ்சு வழியாக 13-ஆம் நூற்றாண்டின் இறுதியையொட்டி இங்கிலாந்துக்குள் அது நுழைந்தபோது, தீங்கு, உரிமைக்கு இழப்பு என்ற பொருளைச் சுமந்துகொண்டே நுழைந்தது. இன்றும் வழக்கறிஞர்கள் சமரசம் பேசி எழுதும் கடிதத்தின் தலைப்பில் 'விதவுட் பிரெஜுடிஸ்' என்று எழுதுகிறார்கள். காழ்ப்பின்றி என்று அதனைப் பெயர்த்துவிடக் கூடாது. என் உரிமைக்குப் பாதகமின்றி என்பதே பொருள். எதிராளியின் மேல் உள்ளம் நிறையக் காழ்ப்பை வைத்துக்கொண்டே அக்கடிதத்தை எழுதலாம். நீதிமன்றத்தை விட்டு வெளியே வந்த அச்சொல் மனிதர் மனத்துக்குள் குடியேறி, ஆராயாமலே கொண்ட முடிவு என்ற பொருளை அடைந்தது. ஜேன் ஆஸ்டின் 1813-இல் வெளியிட்ட நாவலின் பெயரில் நாம் பள்ளிப் பருவத்தில் கண்டது இந்தப் பொருளையே. முன்விசாரணை என்று பிறந்த சொல் விசாரணையின்மை என்று முடிந்தது.

இடையே ஒன்று சொல்ல வேண்டும். எட்மண்ட் பர்க் 1790-இல் பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டித்து எழுதிய நூலில் இச்சொல்லைப் புகழ்ந்து பேசினார். தலைமுறைகளின் அறிவு திரண்டு நிற்பதே பிரெஜுடிஸ் என்பது அவர் வாதம். பர்க்கின் ஆங்கிலத்தில் மயங்கியோர் நம் நாட்டில் பலர். ஆயினும் இந்த வாதம் நன்மை செய்யும் வழக்கங்களுக்கு எவ்வளவு பொருந்துமோ அவ்வளவு தீமை செய்யும் வழக்கங்களுக்கும் பொருந்தும் என்பதை அவர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இச்சொல்லின் உடன்பிறப்பாகக் கருதப்படும் 'பயாஸ்' வேறு குடும்பத்தது. பிரெஞ்சு மொழியில் சாய்வு எனப் பொருள்படும் சொல்லிலிருந்து அது பிறந்தது. புல்தரையில் பந்துருட்டும் ஆட்டம் ஒன்று ஆங்கிலேயரிடம் உண்டு. அதற்குரிய பந்தின் ஒரு பக்கத்தில் பாரம் மிகுந்திருக்கும். நேராக உருட்டினாலும் அது வளைந்தே ஓடும். 16-ஆம் நூற்றாண்டில் அந்த வளைந்த ஓட்டத்துக்கு வழங்கிய பெயரே பிறகு மனச்சாய்வுக்கு ஆயிற்று. வடமொழியின் 'பக்ஷபாதம்' இதற்கு நெருங்கிய உறவு. பக்ஷம் என்பது சிறகு, பக்கம். பாதம் என்பது வீழ்ச்சி. ஒரு பக்கமாக வீழ்தல் என்பது பொருள். மராத்தியர் இதனையும், 'பூர்வக்ரஹம்' என்ற சொல்லையும் நாள்தோறும் வழங்குகின்றனர். கிரஹம் என்பது பற்றுதல். முன்னமே பற்றிக்கொண்டது, தமிழில் சொல்வதானால் முற்கோள். நம் மொழியிலும் கோள் என்பது கொள்ளுதலையும் வானத்துக் கோளையும் ஒருங்கே குறிக்கும். பிறர் மேல் சொல்லும் கோளும் அதே ஒலியில் இருப்பது தற்செயலாயினும், மூன்றுமே மனிதனை ஆட்டிவைப்பவை.

தமிழில் இக்கருத்துக்குச் சொல் பஞ்சமில்லை. வள்ளுவர் நடுவுநிலைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்துத் துலாக்கோலை உவமையாக்கினார். நடுவு பிறழ்தலைக் கோடுதல் என்றனர் பழந்தமிழர், கோடுதல் வளைதல். வளையாத கோல் செங்கோல், வளைந்தது கொடுங்கோல். ஆங்கிலேயர் ஆட்டக்களத்துப் பந்தில் கண்ட வளைவை நம் முன்னோர் அரசன் கைக்கோலில் கண்டனர். மன்றத்தில் ஒருபக்கம் சார்ந்து பேசுவதை ஓரஞ்சொல்லுதல் என்று ஒளவையார் நல்வழியில் இடித்துரைக்கிறார். ஆனால் கோட்டமும் ஓரமும் சாய்வைக் குறிப்பன. ஆராயுமுன் முடிவுசெய்தல் என்ற கருத்துக்குத் தமிழன் தந்த பெயரை அறிய வேண்டுமாயின் சிலப்பதிகாரத்துக்கே செல்ல வேண்டும்.

பாண்டியன் நெடுஞ்செழியன் கொடியவன் அல்லன். கோவலன் மேல் அவனுக்குப் பகையும் இல்லை. கோவலனை அவன் பார்த்ததே இல்லை. ஊடிய தேவியைத் தணிக்க அந்தப்புரம் நோக்கி விரைகின்ற வேளையில், அவள் சிலம்பைத் தானே திருடிய பொற்கொல்லன் எதிர்ப்பட்டுக் கள்வன் அகப்பட்டான் என்கிறான். அரசன் நடையை நிறுத்தாமலே ஆணையிடுகிறான். அந்த ஆணையிலும் சிலம்பு அவன் கையில் இருக்குமாயின் என்றொரு நிபந்தனை இருந்தது. சிலம்பு இருந்தது; ஆனால் யாருடைய சிலம்பு? தேவியின் சிலம்பில் முத்துப் பரல், கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல். உடைத்துப் பார்க்க ஒரு கணம் போதும். பின்னர் அவையில் கண்ணகி உடைத்தபோது ஒரு கணமே ஆயிற்று. உரோமானியன் பிரெயூடிசியும் என்று பெயரிட்ட சிறு முன்விசாரணை எதுவோ, அதுவே மதுரையில் நடவாமற் போயிற்று. அதனாலன்றோ கண்ணகி அரசனைக் கொடியவன் என்று விளிக்காமல், தேராதவன் என்ற பொருள்பட விளிக்கிறாள். தேர்தல் என்பது ஆராய்தல். எனவே பிரெஜுடிஸ் என்பதற்குத் தேராத் தீர்ப்பு என்ற பெயரை நாம் முன்மொழிகிறோம். அகராதி இதனை ஏற்குமா என்பது வேறு செய்தி.

இந்தப் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு புனே நகரின் வரலாற்றைப் பார்ப்போம்.

பால கங்காதர திலகர் தக்காணக் கல்லூரியில் பயின்றவர். 1881-இல் இந்நகரில் மராத்தியில் 'கேசரி'யும் ஆங்கிலத்தில் 'மராட்டா'வும் தோன்றின. 1897-இல் பிளேக் நோய் இங்கே பரவியது. வீடு வீடாகப் புகுந்து சோதனையிட்ட முறையால் மக்கள் கொதித்தனர். அவ்வாண்டு ஜூன் 22-ஆம் நாள் பிளேக் அதிகாரி ராண்டும் அவருடன் அயர்ஸ்டும் கணேஷ்கிண்ட் சாலையில் சுடப்பட்டனர். ஒரு வாரத்துக்கு முன், ஜூன் 15 கேசரியில் சிவாஜி விழாவைப் பற்றி வெளிவந்த எழுத்துகளுக்காகத் திலகர் மேல் அரச வெறுப்பு வழக்குத் தொடரப்பட்டது. எழுத்துக்கும் கொலைக்கும் தொடர்பு உண்டென்று குற்றச்சாட்டில் இல்லை. ஊரார் வாயிலும் ஆங்கில ஏடுகளிலும் இருந்தது.

அவ்வழக்கே ஒரு சொல்லைப் பற்றியது. 1870-இல் தண்டனைச் சட்டத்தில் சேர்ந்த 124-அ பிரிவில் 'டிஸ்அஃபெக்ஷன்' என்றொரு சொல் இருந்தது. நீதிபதி ஸ்ட்ரேச்சி அதற்கு அன்பின்மை என்று பொருள் கூறினார். வெறுப்பு, பகை, இகழ்ச்சி முதலாக எல்லாத் தீய எண்ணமும் அதனுள் அடங்கும் என்று ஜூரிகளுக்கு விளக்கினார். முன்னொட்டைப் பிரித்துப் பொருள் கண்டுவிட்டார் போலும்! ஆளும் அரசின்மேல் அன்பு இல்லாமலிருப்பதே குற்றமென்றால் அன்று இந்தியாவில் குற்றமற்றவர் எத்தனை பேர்? ஜூரிகள் ஒன்பதின்மர், ஐரோப்பியர் அறுவர், இந்தியர் மூவர். அறுவரும் குற்றவாளி என்றனர், மூவரும் இல்லை என்றனர். பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது. வேத காலத்தைப் பற்றிய திலகரின் ஆராய்ச்சியை அறிந்திருந்த மாக்ஸ் முல்லர் முதலியோர் இரக்கம் காட்டுமாறு வேண்டினர். 1898 செப்டம்பரில் அவர் விடுதலையானார். அதே ஆண்டில் அச்சட்டப் பிரிவும் திருத்தப்பட்டு, அரச விசுவாசமின்மையும் பகையுணர்ச்சிகளும் அச்சொல்லில் அடங்கும் என விளக்கம் எழுதப்பட்டது.

அந்த 1897-இல் திலகருக்குப் பிணை கேட்டு வாதாடியவர் தாவர் என்னும் பார்ஸி வழக்கறிஞர். பிணை கொடுத்தவர் நீதிபதி பத்ருதீன் தயாப்ஜி. பதினோராண்டு கழிந்தது. 1908 ஏப்ரல் 30-இல் முசாபர்பூரில் குண்டு வெடித்ததையொட்டிக் கேசரி எழுதிய கட்டுரைகளுக்காக ஜூன் 24-இல் திலகர் மீண்டும் கைதானார். இம்முறை அவருக்காகப் பிணை கேட்டவர் ஜின்னா. மறுத்தவரோ நீதிபதியாக உயர்ந்திருந்த அதே தாவர். விசாரணையையும் அவரே நடத்தினார்.

கட்டுரைகளில் மே 12-ஆம் நாளையது 'நாட்டின் துர்ப்பாக்கியம்'. ஜூன் 9-ஆம் நாளையது 'இவ்வழிகள் நிலைக்கமாட்டா'. இரண்டும் மராத்தி. சிறப்பு ஜூரி கூட்டினால் மராத்தி அறியாத ஐரோப்பியரே அதில் மிகுந்திருப்பர் என்று திலகர் தரப்பு எதிர்த்தது. எதிர்ப்புப் பயன்படவில்லை. ஜூரியில் ஐரோப்பியர் எழுவர், பார்ஸிகள் இருவர். அவர்கள் கையில் இருந்தது நீதிமன்ற மொழிபெயர்ப்பு. திலகர் வழக்கறிஞரை வைத்துக்கொள்ளாமல் தாமே வாதாடினார். மொழிபெயர்ப்பாளரைக் குறுக்கு விசாரணை செய்தார். பிறகு இருபத்தொரு மணி நேரத்துக்கும் மேலாகப் பல நாட்கள் பேசினார். அந்தப் பேச்சின் பெரும்பகுதி அரசியல் அன்று, அகராதி. இந்தச் சொல்லுக்கு மராத்தியில் பொருள் இது, ஆங்கிலத்தில் தந்திருப்பது அது. ஆங்கில அரசியற் கருத்துகளைச் சொல்ல மராத்தி இப்போதுதான் சொற்களை ஆக்கிக்கொண்டு வருகிறது. இந்த ஏடு எழுதிய மறுப்பை அந்த ஏடு எழுதிய குற்றச்சாட்டோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்று சொல்லுக்குச் சொல் நின்றார். நீண்ட பேச்சு வீண் என்று பின்னாளில் சிலர் எழுதினர். நாம் அவ்வாறு கருதவில்லை. தண்டிப்பதற்கு முன் சிலம்பை உடைத்துப் பார் என்பதே அந்த இருபத்தொரு மணி நேரப் பேச்சின் சாரம். பரல் மராத்தியில் இருந்தது. பார்க்க வேண்டியவர்களுக்கோ அது தெரியாது.

ஜூலை 13-இல் தொடங்கிய விசாரணை 22-ஆம் நாள் இரவு முடிந்தது. ஏழுக்கு இரண்டு. ஆறாண்டு நாடு கடத்தல். பம்பாய் ஆலைத் தொழிலாளர் ஆறு நாள் வேலைநிறுத்தம் செய்தனர். திலகர் மாண்டலேயில் கிடந்து 'கீதா ரகசியம்' எழுதினார். தீர்ப்பைக் கேட்டு அவர் மன்றத்தில் கூறிய மறுமொழி 1956-இல் அதே நீதிமன்றத்தில் சலவைக்கல்லில் பொறிக்கப்பட்டுத் தலைமை நீதிபதி சாக்ளாவால் திறந்துவைக்கப்பட்டது.

தமிழர் இதனை வெளியூர்ச் செய்தியாகப் படிக்க இயலாது. திலகர் விசாரணை தொடங்குவதற்கு ஆறு நாள் முன், 1908 ஜூலை 7-இல், திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே வ.உ. சிதம்பரனாருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். முந்திய டிசம்பரில் சூரத் காங்கிரசில் திலகர் பக்கம் நின்றவர் அவர். தூத்துக்குடியில் கப்பல் ஓட்டியவர்க்கும் புனேயில் ஏடு நடத்தியவர்க்கும் ஒரே பிரிவின் ஒரே சொல் ஒரே மாதத்தில் விலங்கு பூட்டியது. மேல்முறையீட்டில் சிதம்பரனாரின் தண்டனை குறைக்கப்பட்டது. 1912 இறுதியில் வெளிவந்தார்.

இவ்வளவும் எழுதியபின் திலகரை மட்டும் துலாத்தட்டில் ஏற்றாமல் விடுவோமாயின் நாமும் ஓரஞ்சொன்னவர் ஆவோம். பெண்ணின் வயதெல்லையைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்திய 1891-ஆம் ஆண்டுச் சட்டத்தை அவர் கடுமையாக எதிர்த்தார். சமூகத்தைத் திருத்த அயல் அரசுக்கு உரிமையில்லை என்பது அவர் காட்டிய காரணம். காரணம் பொருளற்றதன்று. ஆனால் அந்தப் பத்து வயதுச் சிறுமியின் பக்கம் நின்று அவர் கேசரி கேட்டறிந்தது மிகக் குறைவு. அதற்கு நாற்பதாண்டுக்கு மேல் முன்னதாக, 1848-இல், இந்நகரின் பீடே வாடாவில் ஜோதிராவ் புலே பெண்களுக்குப் பள்ளி திறந்தார். அங்கே கற்பிக்கச் சென்ற சாவித்திரிபாயின் மேல் சாணமும் கல்லும் வீசப்பட்டன என்று அவர் வரலாறு கூறுவோர் தவறாமல் சொல்வர். வீசியவர் கையில் 124-அ பிரிவு இல்லை. பெண் படித்தால் என்ன நேரும் என்று அவர்கள் தேர்ந்து பார்த்ததும் இல்லை.

நம்மைப் பற்றியும் ஒரு சொல். 1966-இல் பம்பாயில் தோன்றிய சிவசேனை முதலாண்டுகளில் தென்னிந்தியரையே எதிரிகளாக நிறுத்தியது. தமிழன், தெலுங்கன், கன்னடன், மலையாளி எல்லோரையும் 'மதராசி' என்ற ஒரே சொல்லில் அடைத்துவிட்டமையால் வேறுபாடு அறியும் வேலையே இல்லாமற் போயிற்று. அக்காலத்தில் அச்சொல்லைக் கேட்டு நம்மவர் மனம் புண்பட்டனர். அதே நம்மவர் ஊருக்குச் சென்றதும், மராத்தியனையும் பஞ்சாபியையும் 'வடக்கத்தியான்' என்று ஒரே கட்டாகக் கட்டிப் பேசுவதை நாம் கேட்டிருக்கிறோம். தஞ்சையில் 1676 முதல் 1855 வரை மராத்தியர் ஆண்டதும், சரபோசி வளர்த்த சரசுவதி மகாலில் தமிழ்ச்சுவடிகளோடு மராத்திச் சுவடிகள் அருகருகே இருப்பதும் அப்போது எவர் நினைவுக்கும் வருவதில்லை.

திலகர் கதையில் இன்னொரு வழக்கு எஞ்சியிருக்கிறது; அது அதிகமாகப் பேசப்படுவதில்லை. மாண்டலேயிலிருந்து 1914-இல் மீண்ட அவர் தன்னாட்சி இயக்கத்தைத் தொடங்கி, 1916-இல் பெல்காமிலும் அகமத்நகரிலும் மராத்தியில் சொற்பொழிவாற்றினார். அவ்வாண்டு ஜூலை 23-இல் புனேயில் அவரது அறுபதாண்டு நிறைவைக் கொண்டாடி ஓர் இலட்சம் ரூபாய் கொண்ட பணமுடிப்பை மக்கள் அளித்தனர். அதே நாளில் அரசின் அறிவிப்பும் வந்து சேர்ந்தது. அவர் பேச்சு அரச வெறுப்பென்று கொண்டு, நன்னடத்தைக்காக இருபதாயிரம் ரூபாய் உறுதிப்பத்திரமும் பத்தாயிரம் வீதம் இரண்டு பிணையும் தருமாறு புனே மாவட்ட மாஜிஸ்திரேட்டு ஆகஸ்டில் ஆணையிட்டார். திலகரின் பெயர் ஏற்கெனவே இரு தண்டனைகளைச் சுமந்து நின்றது. மூன்றாவது முடிவை எழுத எவரும் அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பம்பாய் உயர்நீதிமன்றத்தில் ஜின்னா அவருக்காக வாதாடினார். இங்கே ஜூரி இல்லை. நீதிபதிகள் பாச்சிலரும் ஷாவும் அச்சொற்பொழிவுகளைப் படித்தனர்; அங்கொரு வாக்கியமும் இங்கொரு வாக்கியமுமாகப் பிய்த்து எடுக்காமல் முழுமையாகப் படித்து, கேட்போர் மனத்தில் அவை மொத்தத்தில் என்ன விளைவை உண்டாக்கும் என்று பார்க்க வேண்டும் என்றனர். பாச்சிலர் ஆங்கிலேயர், அரசும் அதே அரசு, சட்டப் பிரிவும் அதுவே, சொற்பொழிவுகளும் முன்போல் மராத்தியே. 1916 நவம்பர் 9-இல் புனே மாஜிஸ்திரேட்டின் ஆணை நீக்கப்பட்டது.